பதினேழாம் நம்பர் காடு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அன்று ஹெல்மியின் கடிதத்தைப் படித்து முடித்தபோது என் காதில் தோசை வார்த்திருக்கலாம்.

ஹெல்மி பின்லாந்துக்காரி. நேரில் பார்த்ததில்லை. 'ரெட் லான்டர்ன்' என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டுக்கு அவள்தான் பொறுப்பாளி. இலவச விளையாட்டு. அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், புதிதாக எதையாவது கட்டிச் சேர்க்கலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பக்கத்துக்கு ஐந்து பேர். எதிராளியின் கூடாரத்தில் இருக்கும் சிவப்பு விளக்கைத் தூக்கிக்கொண்டு நம் கூடாரத்துக்கு வந்துவிட்டால் ஒரு புள்ளி. வழியில் யாராவது சுட்டுவிட்டால் விளக்கு பழைய இடத்துக்கே போய்விடும், சுடப்பட்டவனும் தன் கூடாரத்திலிருந்து மறுபடி கிளம்ப வேண்டும். அவ்வளவுதான். இதற்காக உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சோறு தண்ணி மறந்து கிடக்கிறோம்.

அதில் சண்டை போடப் பாலைவனம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, துறைமுகம்கூட இருக்கிறது. தேயிலைக் காடு மட்டும் இல்லை. நான் மூணாறு பக்கம் என்று சொன்னால் போதும், உடனே எவனாவது ஹனிமூனைப் பற்றிக் கேட்பான். காட்டுக்குள் இறங்கி முட்டியைக் கிழித்துக்கொண்டு நடந்து பார், அப்புறம் பேசு என்று மனதுக்குள் திட்டுவேன். அந்த எரிச்சலில்தான் எங்கள் எஸ்டேட்டின் பதினேழாம் நம்பர் காட்டை அப்படியே விளையாட்டுக்குள் கட்ட ஆரம்பித்தேன். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. ரேஷன் கார்டுக்கும் பென்ஷனுக்கும் அப்ளிகேஷன் போட்டுக் கொடுத்துவிட்டு, ஆள் வராத நேரமெல்லாம் செடி நட்டேன். நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள், ஃபாக்டரி, ஓடை, நடுநடுவே சில்வர் ஓக் மரம், மத்தியானம் ஏறி வரும் மஞ்சு என்கிற மூடுபனி, ஒன்றையும் விடவில்லை. இரண்டு வருடம் ஆனது.

ஹெல்மி எழுதியிருந்தது இதுதான். காடு அழகாக இருக்கிறது. ஆனால் எல்லாச் செடியும் ஒன்றுபோல இருக்கிறது. சோதித்துப் பார்த்தவர்கள் வழி தெரியாமல் சுற்றினார்கள், பத்து நிமிடத்தில் ஒருவர்கூட விளக்கைக் கண்டுபிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பார்க்கும்படி இரண்டு சுற்று ஆடிப் பார்ப்போம், பிறகு ஓட்டு. வெளியாட்களால் இதில் ஆட முடியாது என்று தெரிந்தால் அடுத்த பதிப்பில் உன் காடு இருக்காது.

இரண்டு வருடத்தை அவள் ஆறு வரியில் முடித்துவிட்டாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கெல்லாம் எங்கள் அணி சென்டரில் கூடிவிட்டது. அன்னாள் அக்கா தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப்பைத் துடைத்து வைக்கப்போய், விளையாட ஆரம்பித்து, எங்கள் எல்லோரையும் தாண்டிப் போய்விட்டவள். சுஜின் அண்ணன் ஜீப் ஓட்டுகிறவர். டூரிஸ்ட்டுகளிடம் பேசிப் பேசி ஒருமாதிரி இங்கிலீஷ் வைத்திருந்தார். ரிஜினும் அவன் தங்கை பின்சியும் தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்க்கிறார்கள்.

சுஜின் அண்ணன்தான் யோசனை சொன்னார். முதல் சுற்றில் நாம் விட்டுக் கொடுத்து ஆடுவோம், அவர்கள் இரண்டு மூன்று புள்ளி எடுக்கட்டும், வெளியாளும் ஆடக்கூடிய காடுதான் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்றார். நல்ல யோசனை. எல்லோரும் சரி சரி என்று தலையாட்டினோம்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கொழுந்து எடுக்கும்போது ஆளுக்கொரு நிரை உண்டு. இரண்டு செடி வரிசைக்கு நடுவில் உள்ள சந்துதான் நிரை. கீழ் ரோட்டில் ஒரு நிரையைப் பிடித்தால் மேல் ரோடு வரை போய்த்தான் திரும்ப வேண்டும். பாதியில் விட்டுவிட்டு அடுத்த நிரைக்குத் தாவுகிறவளை லயத்தில் ஒரு வாரம் வைத்துப் பேசுவார்கள்.

சுற்று தொடங்கியது. எதிரே ஐந்து பேர், இரண்டு பிரேசில்காரர்கள், ஒரு போலந்துக்காரன், மற்றவர்கள் எந்த ஊரோ. எல்லோரும் பெரிய சூரர்கள். வந்தவுடன் செடியைத் தாண்டித் தாண்டிக் குறுக்கே ஓடினார்கள், இரண்டே நிமிடத்தில் திக்குத் தெரியாமல் நின்றார்கள். நாங்கள் என்ன செய்தோம்? பேசி வைத்ததை மறந்தோம். கை தானாக நிரையைப் பிடித்தது. ஐந்து பேரும் ஐந்து நிரையில், முன்னே பின்னே போகாமல், திங்கட்கிழமை காலையில் பெண்கள் ஏறுகிற மாதிரி ஏறினோம். வழியில் அகப்பட்டவர்களையெல்லாம் சுட்டோம். சுற்று முடிந்தபோது ஏழுக்குப் பூஜ்யம்.

ரிஜின் கை தட்டினான். நான் அவனை முறைத்தேன். திரையில் ஹெல்மியின் வரி வந்துவிட்டிருந்தது. நீங்கள் ஐந்து பேரும் அங்கே வாழ்கிறவர்கள், வந்தவர்களால் நடக்கவே முடியவில்லை, நான் சொன்னதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள் என்று எழுதியிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். ஒருவன் மட்டும் செடியெல்லாம் பிரமாதம் என்றான், அது துக்க வீட்டில் பந்தலைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது.

எனக்குக் காது சுட்டது. அன்னாள் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டேன். போலந்துக்காரன் தட்டுத் தடுமாறி நம் விளக்குக்குப் பக்கம் வரை வந்தானே, அவனைச் சுடாமல் ஒதுங்கியிருக்கக் கூடாதா என்று கத்தினேன். அவள் அசரவில்லை.

"ஏட்டி எப்சி, பாதி நெரையில எப்படி ஒதுங்க? நீ ஒதுங்கினியா?"

நானும் ஒதுங்கவில்லை. என் கம்ப்யூட்டரில் எட்டாம் நிரையின் மேல் முனையில் நான் நின்றுகொண்டிருந்தது இன்னும் திரையில் தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன். இரண்டு வருடத்தில் ஓடையில் எத்தனை கல் என்று எண்ணி வைத்தேன். வருகிறவனுக்கு நிரை என்று ஒன்று இருக்கிறது, அதை விடாமல் நடக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதை ஒருவருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்றே தோன்றியதில்லை. எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது.

அன்னாள் அக்கா லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"என்னைய அந்தப் பக்கம் போடு. அவங்களுக்கு நான் நெரை பிரிச்சுக் குடுக்கேன்."

ஹெல்மிக்கு எழுதினேன். எங்களில் இரண்டு பேர் உங்கள் பக்கம் வருகிறார்கள், உங்களில் இரண்டு பேர் இங்கே வாருங்கள், ஒரே ஒரு விதி சொல்லித் தருகிறோம், அதற்குப் பிறகும் வழி தெரியவில்லை என்றால் நானே காட்டை எடுத்துவிடுகிறேன். சரி, எங்கள் பக்கத்தில் ஒருவன் ஒதுங்கிக்கொள்வான், அவனுக்குப் பதில் நானே ஆடுகிறேன் என்றாள்.

அன்னாள் அக்காவும் சுஜின் அண்ணனும் பக்கத்துத் தையல் கடைக்குள் போய் உட்கார்ந்தார்கள். நடுவே பலகைச் சுவர்தான். அக்கா நிரையைப் பிரிப்பதும், அண்ணன் அதை இங்கிலீஷாக்குவதும் காதில் விழுந்தது. "திஸ் யுவர் லைன். டாப் கோ, தென் ரிட்டர்ன். நோ ஜம்ப்." இது போதும் என்று ஹெட்போனை இறுக்கிப் போட்டுக்கொண்டேன், ஒட்டுக் கேட்டு ஜெயிக்கிற புத்தி எனக்கில்லை. என் பக்கம் வந்த போலந்துக்காரனுக்கும் பிரேசில்காரனுக்கும் நானும் அதையே சொல்லி ஆளுக்கொரு நிரை கொடுத்தேன்.

இரண்டாம் சுற்று. எங்கள் கூடாரம் மேலே ஃபாக்டரி பக்கம், அவர்களுடையது கீழே லயத்துப் பக்கம். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சுக்குள் ஐந்து தலைகள் ஏறி வந்தன. ஒரே வேகம், ஒரே வரிசை. அதில் மூன்று பேர் தேயிலைச் செடியை வாழ்க்கையில் தொட்டுக்கூடப் பார்க்காதவர்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் பயமாகத்தான் இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

வந்த வேகத்தில் ஒரு புள்ளி எடுத்தார்கள். போலந்துக்காரன் தன் நிரையிலேயே கீழே இறங்கிப் போய் எங்களுக்கு ஒன்று எடுத்தான், ஏதோ எங்கள் எஸ்டேட்டிலேயே வேலைக்குப் பேர் பதிந்த ஆள் மாதிரி. பின்சி ஒன்று எடுத்தாள். அவர்கள் மறுபடி ஒன்று எடுத்தார்கள். இரண்டுக்கு இரண்டு. யாரும் குறுக்கே ஓடவில்லை, யாரும் திக்குத் தெரியாமல் நிற்கவில்லை. இத்தோடு நான் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத் தோற்கப் பிடிக்காது, அது பிறவிக் கோளாறு.

கடைசி அரை நிமிடம். ஹெல்மி எங்கள் விளக்கைத் தூக்கிவிட்டாள். ஆறாம் நிரையில் சிவப்பு வெளிச்சம் இறங்கிப் போவது மஞ்சுக்குள் தெரிந்தது. அது என் அம்மா இருதயம்மாள் வருடக்கணக்காகக் கொழுந்து எடுத்த நிரை. நான் ஒன்பதாம் நிரையில் இருந்தேன். என் நிரையிலேயே இறங்கியிருந்தால் கீழ் ரோட்டில் அவளை மடக்கியிருக்கலாம். என் காட்டில், என் அம்மா நிரையில், என் விளக்கா என்று ஒரு வேகம் வந்தது. எட்டாம் நிரைக்குத் தாவினேன். ஏழாம் நிரைக்குத் தாவினேன். அங்கே அந்தப் பக்கத்துப் பிரேசில்காரன் தன் நிரையை விடாமல் வந்துகொண்டிருந்தான். ஒரே குண்டு, நான் விழுந்தேன். ஹெல்மி விளக்கோடு தன் கூடாரம் சேர்ந்தாள்.

மூன்றுக்கு இரண்டு. என் சொந்தக் காட்டில் நான் தோற்றேன்.

மேஜையில் ஓங்கிக் குத்தினேன். கை வலித்தபோதுதான் உறைத்தது, வெளியாளான அவன் என் காட்டில் ஜெயித்ததால் நான் ஜெயித்துவிட்டேன் என்று. குத்திய கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். "எனக்கு ஒரு தடவைகூட வழி தேட வேண்டியிருக்கவில்லை" என்று திரையில் ஹெல்மி எழுதியிருந்தாள். ஓட்டுப் போட்ட ஐம்பத்திரண்டு பேரில் நாற்பத்தேழு பேர் காடு வேண்டும் என்றார்கள். விதியை நுழைவாசலில் ஒரு பலகையில் எழுதிவிடு என்பது மட்டும்தான் நிபந்தனை.

அன்னாள் அக்கா தையல் கடையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள். நான் தோற்றுவிட்டேன் என்று சொன்னேன். நிரையை விட்டால் தோற்கத்தான் செய்வாய் என்று சொல்லிவிட்டு, அவள் ரிஜினை டீ வாங்க அனுப்பினாள்.

மூன்று வாரம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. ஒரு மத்தியானம் சென்டரில் ஆள் இல்லை. வேறு பெயரில் உள்ளே போனேன். பதினேழாம் நம்பரில் என்னைத் தவிர ஒன்பது பேர் நின்றார்கள், ஒருவரையும் தெரியாது. சுற்று தொடங்குமுன் என் பக்கத்தவர்கள் கீழ் ரோட்டில் வரிசையாக நின்று அவரவர் நிரையைப் பிடித்தார்கள். எனக்கு வழக்கம்போல அவசரம், பாதி தூரத்தில் பக்கத்து நிரைக்குத் தாவினேன். உடனே எவனோ ஒருவன் எழுத்தில் கத்தினான், புதுசா நீ, நிரையை விட்டுத் தாவாதே, இங்கே அப்படி நடக்கக் கூடாது என்று.

யார் என்னை அதட்டினாலும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுக்காமல் விட்டதில்லை. அன்று சரி என்று எழுதிவிட்டு, என் நிரைக்குத் திரும்பிப் போனேன்.