உடையார்கட்டில் பதினொரு பேர்

1

இதைக் கதையாக எழுதச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை. கேட்டது அறிக்கை. எங்கள் பரந்தன் தளபாடக் கடைக்கு ஒரு நாள் தில்லைநாதன் டொக்டர் அலுமாரி பார்க்க வந்தார். வன்னி நரம்பியல் ஆய்வுச் சங்கத்தின் செயலாளர் அவர்தான். அலுமாரியைத் திறந்தார், மூடினார், தட்டிப் பார்த்தார், எடுக்கவில்லை. போகும்போது, "நீர் எழுதுறனீர்தானே, உடையார்கட்டு நிகழ்வைப் பற்றி எங்கட ஆண்டு மலருக்கு ரெண்டு பக்கம் தாரும்" என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கடைக்கு வந்த ஆள் ஒன்றும் வாங்காமல் கடைக்காரனுக்கு ஒன்றை விற்றுவிட்டுப் போனது எங்கள் குடும்ப வரலாற்றில் இதுதான் முதல் தடவை.

அறிக்கை எழுதுவது கஷ்டமில்லை. மங்கள விளக்கேற்றலுடன் தொடங்கி, "நிகழ்வு இனிதே நிறைவுற்றது" என்று முடித்தால் சரி. நடுவில் யார் யார் பேசினார்கள் என்று போட வேண்டும். ஒரு பெயர் விட்டாலும் சண்டை வரும். நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டு வந்தேன். "இனிதே" என்ற சொல்லுக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது. அந்த நிகழ்வு இன்னும் நிறைவுறவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

(நரம்பியல் என்றதும் பயந்து பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மூளையையும் நரம்பையும் படிக்கிற, படிப்பிக்கிற சிலர் சேர்ந்து நடத்தும் சங்கம் இது. செயற்குழுவில் ஏழு பேர். செய்வது இரண்டு வேலை: ஊர் ஊராகப் போய்ச் சனத்துக்கு மூளையைப் பற்றி விளங்கப்படுத்துவது, இளம் ஆய்வாளருக்குக் கைகொடுப்பது. இரண்டுக்கும் பதாகை ஒன்றுதான். தலைப்பை மட்டும் ஒட்டி மாற்றுவார்கள்.)

2

முதலாவது தொடக்கம்: "உடையார்கட்டு பொதுநோக்கு மண்டபத்தின் மேல் சூரியன் தன் பொற்கரங்களை நீட்டி —"

வேண்டாம். கை இல்லாதவர்கள் வரப்போகிற கதையில் சூரியனுக்கு மட்டும் ஆயிரம் கை கொடுப்பது நியாயமில்லை.

இரண்டாவது தொடக்கம்: "மனித மூளையில் ஏறத்தாழ எண்ணாயிரத்து அறுநூறு கோடி நரம்புக் கலங்கள் —"

இதுவும் வேண்டாம். எங்கள் அப்பா உயிரோடு இருந்தால், "ஆர் எண்ணினது? திருப்பி எண்ணிப் பார்த்தவையோ?" என்று கேட்டிருப்பார்.

மூன்றாவது தொடக்கம் கடையிலேயே நடந்தது. இதை வைத்துக்கொள்வோம்.

சைக்கிளில் ஒரு பெண் வந்தாள். இருபத்தாறு வயதிருக்கும். சட்டம் போடாத கண்ணாடி, நான்கடிக்கு இரண்டடி, இருக்கிறதா என்று கேட்டாள்.

"என்ன பிள்ளை, கலியாண வீட்டுக்கோ?"

"இல்லை அண்ணை, காலுக்கு."

"காலுக்குக் கண்ணாடியோ?"

"இல்லாத காலுக்கு."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். இப்படிப் பதில் சொல்கிற வாடிக்கையாளரை நிற்க வைத்துக் கதைக்கக் கூடாது.

அவள் பெயர் சிவரூபி. ஊர் துணுக்காய். தாத்தா காலத்தில் மலையகத் தோட்டத்தை விட்டு வந்த குடும்பம். தகப்பன் வீரையா வயல் செய்கிறார். இவள் பல்கலைக்கழகம் முடித்து, இல்லாத காலைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்பட்டிருக்கிறாள். கால் போனவருக்குக் கால் போன பிறகும் அந்தக் கால் நோகும், அரித்துக் கடிக்கும், சுண்டி இழுக்கும். மூளை அந்தக் காலை இன்னும் பெயர் வெட்டாமல் வைத்திருக்கிறது. இருக்கிற காலுக்குப் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்திப் பார்த்தால் இரண்டு கால் தெரியும். அதைப் பார்த்துச் சிலருக்கு நோ குறைகிறது. எங்கள் சனத்துக்கு, போர் முடிந்து இத்தனை வருடத்துக்குப் பிறகு, என்ன மாதிரி நோகிறது, கண்ணாடி உதவுமா என்பதுதான் அவளுடைய கேள்வி.

நான் விலை சொன்னேன்.

"சரி அண்ணை" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சொன்ன விலைக்குச் சரி என்றால் சொன்னவனுக்கு வெட்கமாக இருக்காதா? இவள் குறைக்கச் சொல்லிக் கேட்பாள், நான் கொஞ்சம் குறைப்பேன் என்றுதானே கூட்டிச் சொன்னேன். கடைசியில் நானே குறைத்தேன். அவள் அதற்கும் சரி என்றாள். இன்னும் குறைத்தேன். என் கடையில் என்னோடு நானே பேரம் பேசித் தோற்ற நாள் அது.

3

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. சிவரூபி கொஞ்சம் கூடுதலாக நல்லவளாக வருகிறாள். வாசகர் நம்ப மாட்டார்கள். ஏதாவது குறை வேண்டும். யோசித்துப் பார்த்தேன். இருக்கிறது: பிடிவாதம். அதோடு, எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. அவள் தயாரித்த சம்மதப் படிவம் ஆறு பக்கம். "ஏன் பிள்ளை ஆறு?" என்றால், "அஞ்சில அடங்கேல்லை அண்ணை" என்பாள்.

அவளுக்கு என்ன வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கம் ஒவ்வொரு வருடமும் ஒரே ஒரு இளம் ஆய்வாளரைப் பொறுப்பெடுக்கும். ஒரு வருடத்துக்குக் கிராமங்களுக்குப் போய்வர ஏற்பாடு, வழிகாட்ட ஒரு பேராசிரியர், ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குக் கடிதம், எல்லாம் கிடைக்கும். நிபந்தனை ஒன்றுதான். உடையார்கட்டு நிகழ்வு முடிவதற்குள், ஆய்வில் சேரச் சம்மதித்த இருபது பேரைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. சிவரூபிக்கு வவுனியாவில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை காத்திருந்தது. தகப்பன் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: "இந்த வருசம் மட்டும் பாரு. அதுக்குப் பிறகு என்னால ஏலாது."

4

நிகழ்வு நாள். கண்ணாடியை என் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பி நானே ஏற்றிக்கொண்டு போனேன். ஒன்பது மணிக்கு மண்டபத்தில் முப்பத்து நான்கு பேர். கை இல்லாதவர், கால் இல்லாதவர், தாய்மாரைக் கூட்டிவந்த பிள்ளைகள் வேறு. சிவரூபி எண்ணினாள். திரும்ப எண்ணினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு ஏரம்பு அவளிடம் போனார். ஐம்பது வயது, இடக்கை முழங்கைக்கு மேலே இல்லை, வாய் மட்டும் இரண்டு ஆளுக்குப் போதும். கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பைல்.

"தங்கச்சி, கொப்பி ரெண்டு காணுமோ, மூண்டு வேணுமோ?"

"என்ன கொப்பி ஐயா?"

"அடையாள அட்டைக் கொப்பி, குடும்ப அட்டைக் கொப்பி, கிராம சேவகரின்ர கடிதம். ஒறிஜினலும் கொண்டந்தனான். கையின்ர ஒறிஜினல்தான் இல்லை."

முப்பத்து நான்கு பேர் மடியிலும் அதே மாதிரி ஒரு பைல். சிவரூபியின் சிரிப்பு மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன்.

வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் ஒருவர் மேசை போட்டு, படிவம் வைத்து, பேனையோடு இருந்தால் அது பதிவு. பதிவென்றால் வீடோ, ஆடோ, தையல் மெசினோ, ஏதோ ஒன்று வரலாம். வராமலும் போகலாம். ஆனால் பதியாதவனுக்கு நிச்சயம் வராது. பதினாறு வருடமாகச் சனம் இதைப் படித்து வைத்திருக்கிறது. அதனால் கொப்பி அடித்து, பைலில் போட்டு, அலுமாரியில் தயாராக வைத்திருப்பார்கள். (அந்த அலுமாரிகளில் சில எங்கள் கடையில் வாங்கியவை.)

*இன்னொரு குறிப்பு. இதைச் சின்ன எழுத்தில் போடச் சொல்லி அச்சகத்தாரைக் கேட்கப் போகிறேன். அந்த அறிவித்தலை எழுதியது நான். சிவரூபி ஒரு நீண்ட பந்தி தந்தாள்: ஆய்வு, விருப்பமானவர்கள் மட்டும், உதவித் திட்டம் அல்ல, இப்படி. "இதை ஆர் பிள்ளை நிண்டு வாசிப்பினம்?" என்று நான் அதை வெட்டி, "கை, கால் இழந்தோர் விபரம் பதியப்படும். காலை 9 மணி" என்று ஒரே வரியாக்கிச் சந்தியில் ஒட்டினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. விளம்பரத்தில் நாங்கள் பொய் போடுவதில்லை. சொல்லாமல் விடுகிறதை விடுவோம், அவ்வளவுதான்.

5

அவளை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இப்ப ஒண்டும் சொல்லாதையும். கையெழுத்தை வாங்கும். பிறகு ஆறுதலா விளங்கப்படுத்தலாம்."

"ஏதோ கிடைக்கும் எண்டு நினைச்சுப் போடுற கையெழுத்து சம்மதம் இல்லை அண்ணை."

"இருபது வேணுமெல்லோ?"

"ஓம்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி இல்லை."

சொன்னேனே, பேரம் பேசத் தெரியாத பிள்ளை.

(முதல் வரைவில் இந்த இடத்தில் நான் மனம் திருந்தி, "போம் பிள்ளை, உண்மையைச் சொல்லும்" என்று சொல்வதாக எழுதியிருந்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு பிளேன்ரீ குடிக்கப் போனேன்.)

விளக்கேற்றி, வரவேற்புரை முடிந்து, தில்லைநாதன் டொக்டர் மூளையின் பிளாஸ்டிக் மாதிரியைக் கழற்றிப் பூட்டிக் காட்டி முடித்த பிறகு, சிவரூபி ஒலிவாங்கியை எடுத்தாள்.

"வணக்கம். இது பதிவு இல்லை. வீடு தரமாட்டம். ஆடு, கோழி, மெசின் தரமாட்டம். செயற்கைக் காலும் தரமாட்டம். அறிவித்தல் பிழையா விளங்கியிருக்கும், மன்னிச்சுக் கொள்ளுங்கோ. நான் படிக்கிறன். உங்களிட்ட இல்லாத கை, இல்லாத கால் நோகுதோ, கடிக்குதோ எண்டு கேக்க வந்தனான். ஒரு கண்ணாடி கொண்டந்தனான். அது உதவுமோ எண்டும் தெரியாது. போக விரும்பினா போகலாம், ஒருத்தரும் கோவிக்கமாட்டம்."

"பிழையா விளங்கியிருக்கும்" என்றாள். பிழையாக எழுதியவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவன் பிளேன்ரீயோடு கதவடியில் நின்றான்.

சனம் எழும்பியது. இதையும் அழகாக மாற்ற ஆசைதான். ஒருவர்கூட எழும்பவில்லை என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். ஆனால் எழும்பினார்கள். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து வந்தவர்கள், கூலி வேலையை விட்டு வந்தவர்கள். கதிரைகள் இழுபட்ட சத்தத்தில் சிவரூபி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அப்ப ரீயும் இல்லையோ?" ஏரம்புவின் குரல்.

"ரீ இருக்கு ஐயா."

"அப்ப ரீயைக் குடிச்சிட்டுக் கோவிப்பம்."

சிரிப்பில் சிலர் திரும்பக் கதிரையில் இருந்தார்கள். அவர் குடித்து முடித்து மேசைக்கு வந்தார்.

"தங்கச்சி, என்ர இல்லாத கை பொத்தினபடிதான் கிடக்கு. நகம் உள்ளங்கையில குத்துது. விரிக்கச் சொன்னா விரியுதில்லை. இதை உம்மட படிவத்தில எழுத இடமிருக்கோ?"

"நாலாம் பக்கத்தில இருக்கு ஐயா."

"அப்ப இந்தாரும், இந்தக் கொப்பியளை எதுக்கும் வைச்சிரும்."

"வேண்டாம் ஐயா."

"வேண்டாமாம்! கொப்பி வேண்டாம் எண்ட முதல் ஆள் நீர்தான்."

சம்மதித்து எஞ்சியவர்கள் பதினொரு பேர்.

6

இராசேஸ்வரி கடைசியாக வந்தா. இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவா. வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் காலைக் கழற்றிப் பக்கத்துக் கதிரையில் சாத்திவிட்டு இருந்தா.

"பிள்ளை, எனக்கு நோ இல்லை. கடி. சின்ன விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் இடையில."

"எவ்வளவு காலமா அன்ரி?"

"அது போன நாளில இருந்து. வந்த எல்லாரும் போன காலைத்தான் கேட்டவை. எப்ப போனது, எங்க போனது, ஆர் சாட்சி. கடிக்குதோ எண்டு நீர்தான் கேக்கிறீர்."

சிவரூபி கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தினாள். ஒரு பக்கத்தை நான் பிடித்துக்கொண்டேன். இடது காலை நீட்டியபடி இராசேஸ்வரி கண்ணாடிக்குள் பார்த்தா. அதற்குள் வலது கால் இருந்தது. பாதம், கணுக்கால், ஐந்து விரல்.

"இப்ப சொறியட்டோ அன்ரி? இடது காலைத்தான் சொறிவன், நீங்கள் கண்ணாடியைப் பாருங்கோ."

"ம்."

சொறிந்தாள்.

"அங்க இல்லை... இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு... ஓம். ஓம், அதிலதான்!" இராசேஸ்வரி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினா. கண்ணால் தண்ணீர் ஓடியது. "பதினாறு வருசம், பிள்ளை! நிப்பாட்டாதையும்!"

(சிவரூபி இந்தப் பகுதியை வாசித்துவிட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னாள்: சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது, ஒரு நாள் பார்த்ததை வைத்து ஒன்றும் முடிவெடுக்கக் கூடாது. சேர்த்துவிட்டேன். நல்ல காட்சியைக் கெடுப்பதற்கு ஆய்வாளரைப் போல ஆள் இல்லை.)

7

இனி முடிவு.

முடிவு ஒன்று: எழும்பிப் போன இருபத்து மூன்று பேரில் ஒன்பது பேர் பஸ் நிலையத்திலிருந்து திரும்பி வருகிறார்கள். பதினொன்றும் ஒன்பதும் இருபது. கணக்கு சரி. கதை பொய்.

முடிவு இரண்டு: வீரையா வயலில் நின்றபடி மகளைப் பார்த்து — இல்லை. அந்த மனிதரை நான் ஒரு தடவைதான் கண்டிருக்கிறேன். அவர் வாயில் வசனம் வைக்க எனக்கு உரிமை இல்லை.

முடிவு மூன்று: "நிகழ்வு இனிதே நிறைவுற்றது." இதைத்தான் கேட்டார்கள்.

ஏன் மூன்றுமே சரிவரவில்லை என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். இந்த மலர் அச்சுக்குப் போக முன்னர் செயற்குழு ஏழு பேரும் இதை வாசிப்பார்கள். பதினொன்றை ஏற்பதா, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுப்பதா என்று அதே ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். ஆகவே, வாசகர் என்று நான் இவ்வளவு நேரமும் சொன்னது (மற்றவர்கள் மன்னிக்க வேண்டும், நீங்கள் சாட்சிக்கு நில்லுங்கள்) உங்கள் ஏழு பேரையும்தான். இது கதையில்லை. பேரம். அவளுக்குப் பேசத் தெரியாது, நான் பேசுகிறேன்.

நீங்கள் கேட்டது இருபது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் முப்பத்து நான்கு தந்திருப்பாள். நீங்களும் கைதட்டி வாங்கியிருப்பீர்கள். அதில் எத்தனை பேர் வீடு வரும் என்று காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது கையில் இருப்பது பதினொன்று. ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தும் எழும்பிப் போகாமல் இருந்த பதினொரு பேர். குறைகிற ஒன்பது பேரை என் கணக்கில் எழுதுங்கள். அறிவித்தல் என்னுடையது. அடுத்த தடவை அவள் தருகிற பந்தியை ஒரு சொல் வெட்டாமல் எழுதி நானே ஒட்டுவேன். கண்ணாடியையும் நானே ஏற்றி இறக்குவேன். இதற்கு மேல் என்னால் இறங்க முடியாது. இனி நீங்கள் சொல்லுங்கள்.

நிகழ்வு முடிந்து பதாகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இராசேஸ்வரி காலைப் பூட்டிக்கொண்டு எழும்பி, வாசல் வரை போய்த் திரும்பி நின்று கேட்டா: "பிள்ளை, அடுத்த தரம் எப்ப வாறீர்?"

சிவரூபி வாயைத் திறந்தாள். தில்லைநாதன் டொக்டரைப் பார்த்தாள். அவர் பதாகைக் கயிற்றின் முடிச்சைப் பார்த்தார். அவள் என்ன சொன்னாள் என்பதை நான் எழுதப் போவதில்லை. இடம் விட்டிருக்கிறேன், நீங்கள் நிரப்புங்கள். கடைக்காரன் "வேணுமோ" என்று கேட்பதில்லை, "எப்ப ஏத்திவிட" என்றுதான் கேட்பான். அதனால் இந்த இடத்தில் ஒரு திகதி மட்டும்தான் கொள்ளும்:

"அன்ரி, நான் .................. ஆம் திகதி வாறன்."