ஒரு கிலோமீட்டர் சுற்றளவு

காது மெஷின் கடை முதலாளி போன் செய்தபோது நான் குளியலறையில் கவிழ்த்துப்போட்ட வாளியின் மேல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் கதவைச் சாத்தினால் டி.வி. சத்தம் ஓரளவுக்கு அடங்குகிற இடம் அது ஒன்றுதான். என் முக்கியமான பேச்செல்லாம் அங்கேதான் நடக்கும். ஒருமுறை ஒரு பல் மருத்துவர், "மேடம், உங்க ஆபீஸ்ல எங்கயோ தண்ணி ஒழுகுது போல" என்றார். பிளம்பர் வந்திருக்கிறார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"என்ன மேடம், விளம்பரம் ஓடுதா, இல்ல படுத்துத் தூங்குதா?" என்றார் முதலாளி. புதுக் கிளை திறந்த வாரம். அதற்கென்றே தனியாகப் பணம் ஒதுக்கி என்னை நம்பி விட்டிருந்தார். "கடையில ஈ ஓட்டிட்டு இருக்கோம். வர்ற ஒண்ணு ரெண்டு போனும் எங்கயோ இருந்து வருது. இங்க வர அவங்க அரை நாள் பஸ்ல உக்காரணும். என்ன ஆச்சுன்னு பாத்து சாயந்தரத்துக்குள்ள சொல்லுங்க." அவர் கத்தியிருந்தால் தேவலை. களைத்துப்போன குரலில் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மடியிலிருந்த லேப்டாப்பில் அந்த விளம்பரத்தைத் திறந்தேன். ஒரு வரைபடம், அதில் நீலத்தில் சின்னதாக ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் கடை இருக்கும் ஊர் இல்லை, எங்கள் தெரு. சுற்றளவு ஒரு கிலோமீட்டர். வயது அறுபதுக்கு மேல். புதுக் கிளைக்கான பணத்தில் முக்கால்வாசி அந்த வட்டத்துக்குள்ளேயே கரைந்துபோயிருந்தது.

நான் செய்வது ஒன்றும் மாயமந்திரம் இல்லை. கடைக்காரர்களுக்கு இணையத்தில் விளம்பரம் போட்டுத் தருகிறேன். ஒரு படம், அதன் மேல் நாலு வார்த்தை, கீழே போன் செய்ய ஒரு பொத்தான். அதை எந்த ஊர்க்காரர் போனில், எந்த வயதுக்காரர் கண்ணில் காட்டுவது என்று தீர்மானிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முன்பு ஒரு அலுவலகத்தில் இதே வேலையைப் பக்கத்து நாற்காலிக்காரரின் இருமலோடும் மேலாளரின் பொன்மொழிகளோடும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு வீட்டிலேயே ஆரம்பித்தேன். இப்போது கையில் இருப்பவர்கள் அந்தப் பல் மருத்துவர், ஒரு டிரைவிங் ஸ்கூல், எல்லா விளம்பரத்திலும் தன் முகம் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் சூட்கேஸ் கடைக்காரர், பிறகு காது மெஷின் கடை. மற்ற மூன்றையும் கூட்டினாலும் காது மெஷின் கடைக்கு ஈடாகாது. அது கைவிட்டுப் போனால் நான் செய்வதற்குப் பெயர் தொழில் இல்லை, பொழுதுபோக்கு. பழைய அலுவலகத்திலிருந்து வேறு கூப்பிட்டிருந்தார்கள். மேலாளர் மாறிவிட்டாராம், இடம் காலியாக இருக்கிறதாம், திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து பஸ் பாஸ் எங்கே எடுப்பது என்று சம்பந்தமில்லாமல் இரண்டு தடவை பேச்செடுத்தார்.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவள் சும்மா இருப்பவள் என்பது எங்கள் கட்டடத்தின் ஏகோபித்த தீர்ப்பு. மேலே கீழே உள்ள எல்லா வீட்டுப் பார்சலும் எங்கள் வாசலில்தான் இறங்கும். மீட்டர் பார்க்க வருபவர் எங்கள் மணியைத்தான் அடிப்பார். இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது என் மாமனாரின் கேள்வி ஒன்றுதான்.

மாமா முப்பது வருடத்துக்கு மேல் நூற்பாலையில் வேலை பார்த்தவர். காது மந்தம். அது அவரைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை என் வீட்டுக்காரர் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போனார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீங்கதான் எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு வரிசையிலிருந்தே எழுந்து வந்துவிட்டார். அதோடு அந்தப் பேச்சுக்கு வீட்டில் பூட்டுப் போட்டாயிற்று. எனக்கோ அவர் காதின் மேல் ஒரு சந்தேகம் இருந்தது. மேஜையில் டம்ளரை வைத்தால் திரும்பிப் பார்ப்பார். மகன் அடுத்த அறையில் கரண்ட் பில் என்று முனகினால் இங்கிருந்து எவ்வளவு என்று கேட்பார். நான் பேசினால் மட்டும் காது அடைத்துக்கொள்ளும். தினமும் சாயந்தரம் நான் டீ கொண்டுபோய் வைக்கும்போது, "ஏம்மா, நீ என்ன வேலை பாக்குறேன்னு சொன்ன?" என்பார். சொல்வேன். தலையாட்டுவார். "நல்லது, நல்லது" என்பார். மறுநாள் டீயோடு அதே கேள்வி. இது கேள்வியாகவே எனக்குத் தெரியவில்லை, குத்தலாகத்தான் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொல்வேன்.

போன வாரம் மாமாவின் அக்கா வந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டும் மாமா அதையே கேட்டார். நான் சொல்லி முடித்ததும் அக்கா, "வீட்ல உக்காந்து போன நோண்டுறதுக்கெல்லாம் சம்பளமாம்டா, கேட்டியா" என்று தம்பியிடம் சிரித்தார். மாமாவும் தலையாட்டிச் சிரித்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இனி வாயால் சொல்வதில்லை, கண்ணாலேயே காட்டிவிடுகிறேன் என்று உள்ளே போனேன். காது மெஷின் கடைக்கு அப்போதுதான் தயார் செய்து வைத்திருந்த விளம்பரத்தை எடுத்து, எங்கள் வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர், அறுபது வயதுக்கு மேல் என்று வைத்துத் திறந்துவிட்டேன். இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் அது மாமாவின் போனுக்கு வராமல் எங்கே போகும்?

வந்தது. அடுத்த நாள் டீ நேரத்தில் அவர் ஏதோ கட்டுமான வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் நரைத்த தலையோடு சிரிக்கிற ஒரு முகம். அதன் மேல் நான் எழுதிய வரி: 'வீட்டில் பேசுவது முழுசாகக் கேட்கட்டும்.' நான் பக்கத்தில் குனிந்து விரலால் தொட்டுக் காட்டினேன். "மாமா, இது நான் போட்டது. இந்தப் படம், இந்த எழுத்து, எல்லாம் நான்தான். இதுதான் என் வேலை." டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அவர் போனை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். அவ்வளவுதான். மாங்கு மாங்கென்று செய்த வேலைக்கு ஒரு சரிம்மா. கடுகடுவென்று உள்ளே போய் சூட்கேஸ் கடைக்காரரின் முகத்தை இன்னொரு சூட்கேஸின் பக்கத்தில் ஒட்ட உட்கார்ந்தேன். வட்டத்தைத் திரும்பக் கடை இருக்கிற ஊருக்கு மாற்ற வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிற்று. அன்றிலிருந்து மாமா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இப்போது வாளி மேல் உட்கார்ந்து யோசித்தால் எல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. கீழ்வீட்டு ஓய்வுபெற்ற போஸ்ட் மாஸ்டர் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "எனக்கு இடது காதுல இரைச்சல்னு இந்தப் போனுக்கு எப்படிம்மா தெரியும்? நான் டாக்டர்கிட்டயே இன்னும் சொல்லல" என்றார். எதிர்வீட்டுப் பாட்டி போனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைக்க ஆரம்பித்திருந்தார். கம்பெனிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் நானே பெரிய மேதாவி மாதிரி விளக்கம் கொடுத்தேன். நேற்று துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனபோது, மாமா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தார். "மருமக... ஆமா, மருமகதான்" என்பது மட்டும் விழுந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று வைத்துவிட்டார். அக்காவிடம் என் புராணம் வாசிக்கிறார் என்று நினைத்து, ஈரப் போர்வையை நான் உதறிய உதறலில் அவர் சட்டையெல்லாம் நனைந்தது.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே எங்கள் தொழிலில் ஒரு வாசகம் உண்டு. 'விளம்பரம் காட்டுற கம்பெனிக்காரங்க சிஸ்டத்தையே மாத்திட்டாங்க சார், எல்லாருக்கும் இதே அடிதான்.' கேட்பவர் மறுபேச்சுப் பேச முடியாது. மழை பெய்யாததற்கு யாரைப் போய்க் கேட்பது? அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு கடைக்குப் போன் செய்தேன். எடுத்தது கவுன்ட்டரில் இருக்கும் பெண்.

"அக்கா, நீங்களா! முதலாளி பேங்க் வரைக்கும் போயிருக்காரு, இப்ப வந்துடுவாரு, லைன்லயே இருங்க" என்றாள். பேச ஆள் கிடைக்காத கடை போலிருக்கிறது, அவளே தொடர்ந்தாள். "ஏங்க்கா, அரை நாள் தூரத்துல ஒரு ஊர் இருக்கே, அங்க எல்லாருக்கும் ஒரே நேரத்துல காது போயிடுச்சா? போன் பண்றவங்க எல்லாம் அந்த ஒரே ஊர். அதுல ஒரு தாத்தா இருக்காரு. டெய்லி பண்ணுவாரு. மில்லுல இருந்தவராம். வீட்ல தெரியக்கூடாதுன்னு மாடியில நின்னு பேசுறாராம். நான் விலை சொன்னா அட்ரஸ்னு எழுதிக்கிறாரு, அட்ரஸ் சொன்னா கொஞ்சம் குறைச்சுக்கம்மான்றாரு."

எனக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

"என்ன மாதிரி மெஷின் வேணும் தாத்தான்னு கேட்டேன். 'பெருசா ஒண்ணும் வேணாம்மா, என் மருமக பேசுறது விழுந்தாப் போதும்'னாரு. மகன் குரல் கேக்குதாம். மருமக குரல்தான் விழவே மாட்டேங்குதாம். எங்க டாக்டரும் சொல்வாருக்கா, மில்லுல இருந்தவங்களுக்குப் பொம்பளைங்க குரல்தான் முதல்ல போகும்னு. அந்தப் பொண்ணு வீட்ல இருந்தே ஏதோ வேலை பாக்குதாம். 'என்ன வேலைன்னு தினமும் கேப்பேன், அதுவும் சலிக்காம பொறுமையா சொல்லும், எனக்குக் கால்வாசி விழுந்தாப் பெருசு, இதுக்கு மேல கேட்டா அசிங்கம்னு விட்டுட்டேன்'னாரு. நம்ம விளம்பரத்த அவருக்குக் காட்டினதே அந்த மருமகதானாம்க்கா. 'என் பையன் நாலு பேருக்கு நடுவுல இழுத்துட்டுப் போனான். அது எவ்வளவு பக்குவமா பக்கத்துல வந்து, மெஷின் வாங்கிக்கோங்க மாமான்னு போன்ல காட்டுச்சு'ன்னு ஒரே பெருமை. அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

இருந்தேன். பொறுமையாம். பல்லைக் கடித்துக்கொண்டு நான் சொன்ன பதிலெல்லாம் சத்தம் இல்லாமல் பார்த்தால் பொறுமையாகத் தெரிந்திருக்கிறது. குழாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அதற்குள் அந்தப் பக்கம் போன் கைமாறியது.

"சொல்லுங்க மேடம், என்ன ஆச்சு?" என்றார் முதலாளி.

சிஸ்டம் என்கிற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. "தப்பு என்னோடது சார். விளம்பரம் உங்க ஊர்ல ஓடல. எங்க வீட்டைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குத்தான் ஓடியிருக்கு. நான்தான் அப்படி வெச்சேன், மாத்த மறந்துட்டேன்."

"உங்க வீட்டைச் சுத்தியா? எதுக்கு?"

"எங்க மாமனாருக்குக் காட்டணும்னு சார்."

அந்தப் பக்கம் பின்னால் ஏதோ மெஷின் கீச்சென்று ஒலித்து நின்றது. போன பணத்தை நான் ஈடுகட்டித் தருகிறேன் என்றேன். "அது இருக்கட்டும். போன வாரம் திரும்ப வருமா?" என்றார். "யோசிச்சுட்டு நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டார். வட்டத்தை அவர் ஊருக்கு நகர்த்திப் பெரிதாக்கினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

போனை வாளி மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமா வழக்கமான நாற்காலியில் இருந்தார். டி.வி.யில் யாரோ ஒருவர் தக்காளி விலைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் ரிமோட்டை எடுத்து டி.வி.யை அணைத்தேன். மாமா திடுக்கிட்டுப் பார்த்தார். மாடியில் மாட்டிக்கொண்ட அதே பார்வை. முக்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரில் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கிற மாதிரி உட்கார்ந்தேன். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது.

"மாமா," என்றேன், ஒவ்வொரு வார்த்தையாக. "நான், என்ன வேலை பாக்குறேன்னு, கேளுங்க."

அவர் என் வாயைப் பார்த்தார். புரிய கொஞ்சம் நேரம் ஆயிற்று. பிறகு, ஏதோ கூடாததைக் கேட்பவர் போல, தாழ்ந்த குரலில் கேட்டார். "என்ன வேலைம்மா?"

அப்போது குளியலறையில் போன் அடிக்க ஆரம்பித்தது. நாலு சுவருக்குள் எதிரொலித்து, கீச்சென்று வீடு முழுக்கக் கேட்டது. இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறார் என்றால் முதலாளி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். எந்த முடிவு என்று தெரியவில்லை. மாமாவின் கண் என் வாயை விட்டு நகரவே இல்லை. அவருக்கு வீடு அமைதியாகத்தான் இருந்தது.

"கடைக்காரங்களுக்கு," என்று தொடங்கினேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. "வெ-ளம்-ப-ரம்." என் உதடு அசைய அசைய, எழுத்துக் கூட்டிப் படிக்கிற குழந்தை மாதிரி, அவர் உதடும் கூடவே அசைந்தது.