பெட்டி திறக்கும் சத்தம்

என் அம்மாவும் என் கணவரும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. சண்டையெல்லாம் கிடையாது. மரியாதைதான். அந்த மரியாதையால் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. மாப்பிள்ளை எதிரே உட்கார்ந்து காப்பியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார். "மாப்பிள்ளைக்குச் சூடு போதுமான்னு கேளு" என்பார் அம்மா என்னிடம். "போதும்னு சொல்லு" என்பார் இவர், அதுவும் என்னிடம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எனக்கு இரண்டு பக்கமும் மரியாதை. அலுவலகத்தில் எனக்கு வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவில் வேலை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்வதற்குத்தான் அங்கே சம்பளம் தருகிறார்கள். வீட்டில் அதையே சும்மா செய்துகொண்டிருந்தேன்.

அம்மா வீட்டில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட ஆரம்பித்தார்கள். ஒரு மாதம் எங்களோடு இருக்கட்டும் என்று கூட்டி வந்து, உள் அறையை ஒழித்துக் கொடுத்தோம். அந்த அறையின் கட்டிலுக்கடியில்தான் கிட்டார் இருந்தது.

கிட்டார் இவருடையது இல்லை, இவருடைய அக்காவுடையது. எனக்கு அண்ணி முறை, கப்பலில் நர்ஸ். வருடத்தில் ஒருமுறை விடுமுறைக்கு வந்து அதை வாசித்துத் தீர்த்துவிட்டு, திரும்பவும் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். முன்பலகை தேவதாரு, முதுகு ஈட்டி மரம். இவருக்கு வாசிக்கத் தெரியாது, மோந்து பார்க்கத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவருக்குக் கண்ணைவிட மூக்கின்மேல்தான் அக்கறை.

ஞாயிறு காலையில் அண்ணி போன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் பெட்டியைத் திறக்கச் சொல்வார். இவர் போனைக் கட்டில்மேல் வைத்து, பெட்டியை வெளியே இழுத்து, பித்தளைக் கொக்கிகளை டக் டக்கென்று விடுவித்து, கிட்டாரின் வட்டத் துளைக்கு மூக்கைக் கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுப்பார். பிறகு விவரம் சொல்வார். பென்சில் சீவின வாசனை, பின்னால் மிளகு, அதற்கும் பின்னால் லேசான இனிப்பு. வாசனையைப் போனில் கேட்கிற குடும்பத்தை எங்கேயாவது பார்த்ததுண்டா என்று ஒருமுறை கேட்டேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்றார். கழுதையை விரும்பிக் கட்டிக்கொண்டவர் நீங்கள்தானே என்றேன். எனக்கு அது பிளைவுட் கடை மாதிரிதான் இருந்தது, அவ்வளவுதான்.

அண்ணியிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அண்ணி என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். அவர் பேசும்போது அடுப்படியிலிருந்தே, கேட்டேன்னு சொல்லுங்க என்று குரல் கொடுப்பதோடு சரி. கப்பலில் எந்தப் பக்கம் திரும்பினாலும் டீசலும் மருந்துத் தண்ணியும்தான் நாறுமாம். தம்பி சொல்லச் சொல்ல அந்த மர வாசனை மூக்கில் வந்து, நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது என்று தோன்றுமாம். இதுவும் இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதனால் கிட்டாருக்கு எங்கள் வீட்டில் ராஜ உபசாரம். வெயிலும் மழையும் படாத உள்சுவர் ஓரமாக வைக்க வேண்டும். பெட்டியை மூடியே வைக்க வேண்டும், அப்போதுதான் வாசனை உள்ளேயே தங்கும். காற்று காய்ந்தால் மரம் வெடிக்கும் என்று, ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சு வைத்திருப்பார். மழைக்காலம் வந்தால் பஞ்சு வெளியே போகும், செருப்புப் பெட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் உள்ளே போகும். சின்ன வட்டமான ஈரமானி ஒன்றும் உண்டு. அதன் முள் ஐம்பதைச் சுற்றி நின்றால் இவர் முகம் மலரும். போன விடுமுறை முடிந்து கிளம்பும்போது அண்ணி, இதற்கு ஏதாவது ஆனால் அடுத்த தடவை வேறு யாரிடமாவது விட்டுவிட்டுப் போவேன் என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இவர் சிரிப்பை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார்.

என் அம்மாவுக்கோ பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் துணிக் கிடங்கில் பொறுப்பு. போர்வை, விரிப்பு, திரைச்சீலை எல்லாம் அவர் கண்காணிப்பில்தான். பாச்சை உருண்டை இல்லாத அலமாரியை அவர் அலமாரி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். வந்த வாரமே ஒரு வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டு அறையைப் பெருக்கித் துடைத்திருக்கிறார். சாயங்காலம் சாப்பிடும்போது செய்தி வந்தது.

"மாப்பிள்ளைகிட்ட சொல்லு. கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டியைச் சுத்தம் பண்ணிட்டேன். உள்ள யாரோ ஈரப் பஞ்சை மறந்து வெச்சிருந்தாங்க, பூஞ்சை புடிச்சா என்ன ஆகுறது? தூக்கிப் போட்டுட்டு நல்லா பாச்சா உருண்டை போட்டிருக்கேன். இனிமே ஒரு பூச்சி கிட்ட வராது."

இவர் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டது. "ரொம்ப நன்றின்னு சொல்லு" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

சாப்பிட்டு முடித்து அம்மா மாடிக்குத் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைத் திறந்தோம். பென்சிலும் இல்லை, மிளகும் இல்லை. ஆஸ்பத்திரிப் போர்வைகள் மொத்தமும் எழுந்து வந்து முகத்தில் மோதின. சந்து பொந்தை விட்டுவைக்கக் கூடாது என்பது அம்மாவின் தொழில் தர்மம் என்பதால், வட்டத் துளை வழியாக உள்ளேயும் போட்டிருந்தார். கிட்டாரைத் தூக்கினால் கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. இவர் திட்டவில்லை, கத்தவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அக்கா மாதக் கடைசியில் வருகிறாளே என்று மட்டும் சொன்னார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. இப்போதே அம்மாவிடம் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். கையைப் பிடித்து உட்கார வைத்தார். நம் வீட்டுக்கு வந்திருப்பவர், நல்லது நினைத்துச் செய்தார், தெரிந்தால் முகம் வாடிவிடும், சொல்லாதே என்றார். காப்பிச் சூட்டையெல்லாம் சொல் சொல் என்று என் உயிரை எடுத்தவர், சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்லாதே என்கிறார். இவரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது?

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அம்மா உள் அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். இவர் அறைக்குள் போகாமல் கூடத்திலேயே நின்று, பழக்க தோஷத்தில் கண்ணை மூடி, அப்போதுதான் துடைத்த தரையின் ஈரக் காற்றை ஆழமாக இழுத்தார்.

"பெட்டியைத் திறந்துட்டேன்க்கா, அதேதான். பென்சில் சீவின மாதிரி. பின்னாடி மிளகு. கொஞ்சம் இனிப்பு" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்குக் காது இரண்டும் சிவந்து போயிருந்தன.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பாதி மடித்த விரிப்போடு அம்மா உள் அறை வாசற்படியில் நிற்கிறார். அந்தப் பெட்டிக்கு மேலேயே படுத்துத் தூங்கியவர். அதிலிருந்து என்ன வாசனை வரும் என்று அவருக்குத் தெரியாதா? என்னைப் பார்க்கவில்லை. நேராக இவரைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நான் போட்டதை மறைக்கவா அக்காகிட்ட பொய் சொன்னீங்க?"

இவர் திருதிருவென விழித்தார். பிறகு வழக்கம்போல என் பக்கம் திரும்பினார், நான் எடுத்துச் சொல்வேன் என்று. நான் வாயை இறுக்க மூடிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தேன். சாமி சத்தியமாக, அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

வேறு வழியில்லாமல் இவரே, "ஆமாங்க அத்தை" என்றார்.

அத்தை என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அன்றுதான் கேட்டேன். அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பாதியில் நின்ற விரிப்பை மடித்து முடித்தார். பிறகு எழுந்து, வாங்க எடுப்போம் என்றார்.

கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து இருவரும் கட்டிலுக்கு மேலே குலுக்கிய காட்சியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். உருண்டைகள் கம்பிகளுக்கு நடுவே ஒவ்வொன்றாக விழுந்தன. மொத்தம் எத்தனை போட்டீர்கள் என்று இவர் கேட்டார். தலையணை உறையைக்கூட எண்ணி வாங்குகிற அம்மா, பாச்சை உருண்டையை யாராவது எண்ணுவார்களா, கைப்பிடி கணக்குத்தான் என்றார்.

அதன்பிறகு நடந்தது பேச்சு இல்லை, வாக்குவாதம். வெயிலில் வைத்தால் ஒரே நாளில் நாற்றம் போய்விடும் என்றார் அம்மா. வெயிலில் வைத்தால் பசை இளகிப் பலகை தூக்கிக்கொள்ளும், வாசனைக்குப் பதில் விறகுதான் மிஞ்சும் என்றார் இவர். மாமியாரிடம் குரலை உயர்த்திவிட்டோமே என்று அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. குனிந்து பெட்டியின் உள்பக்கத்தை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் நீல வெல்வெட் துணி ஒட்டியிருந்தது.

"மரத்தை விடுங்க. துணிதான் வாசனையைப் புடிச்சு வெச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. துணி விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க" என்றார்.

பெட்டி மாடி வெயிலுக்குப் போனது, ஞாயிறு போனுக்கு மட்டும் கிட்டாரை வாங்கிக்கொள்ளக் கீழே வந்தது. கிட்டார் நிழலில், சன்னலுக்கு எட்டத்தில், எங்கள் கட்டிலின்மேல் படுத்துக்கொண்டது. நான் தரைக்கு வந்தேன். அம்மா கரித்துண்டுகளை மெல்லிய துணியில் முடிந்து அதைச் சுற்றிலும் வைத்தார், நாற்றத்தைக் கரி இழுக்கும் என்று. கரி ஈரத்தையும் சேர்த்து இழுத்துவிடுமே என்று இவர் மறுபடி சோப்பு டப்பாவோடு வந்தார். ஈரமானியைப் பார்க்க அம்மாவும் கற்றுக்கொண்டார். முள் இறங்கினால் இவருக்குக் கடைக்கே போன் செய்து சொன்னார். யாரிடமும் சொல்லச் சொல்லவில்லை.

தினமும் காலையில் இருவரும் மாறி மாறி மூக்கை நுழைத்தார்கள். முதலில் வெறும் போர்வைதான். பிறகு பழைய ரப்பர். ஒருநாள் நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது உள்ளே ஒரே அமர்க்களம். மிளகு எட்டிப் பார்த்துவிட்டதாம். இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நுரையோடு நின்று பார்த்த எனக்கும் அது ஒட்டிக்கொண்டது.

மாதக் கடைசியில் அண்ணி வந்தார். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, நேராகப் பெட்டிதான். கொக்கிகள் டக் டக். நாங்கள் மூவரும் தேர்வு முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றோம். அண்ணி கண்ணை மூடி இழுத்தார், இன்னொரு முறையும் இழுத்தார்.

"இருக்கு" என்றார்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அண்ணி கிட்டாரை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ உருண்டது. காதருகே வைத்து ஆட்டினார், கவிழ்த்தார். உள்ளே எந்தச் சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்ததோ, கரைந்து கரைந்து பட்டாணி அளவுக்கு ஆகிவிட்ட ஒரு பாச்சை உருண்டை விழுந்து, உருண்டு போய் அம்மாவின் காலடியில் நின்றது.

"நான்தான் போட்டேன்" என்றார் அம்மா.

"நான்தான் போட்டேன்" என்றார் இவரும், அதே நேரத்தில்.

அண்ணி இவரைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். என்னையும் பார்த்தார், நானும் ஏதாவது போட்டிருப்பேனோ என்பதுபோல. பிறகு கிட்டாரைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"டேய், எனக்கு எப்பவோ தெரியும். அந்த ஞாயித்துக்கிழமை நீ பெட்டியைத் திறக்கவே இல்ல. நான் அந்த டக் டக் சத்தத்துக்குத்தான் ஒரு வாரம் முழுக்கக் காத்துக்கிட்டு இருக்கேன், அது எனக்குக் கேக்காம போகுமா? சரி, என்னமோ ஆயிடுச்சுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அடுத்த வாரம் சத்தம் கேட்டுச்சு. கூடவே ஒருத்தங்க, 'மிளகு வந்துடுச்சு, சொல்லுங்க மாப்பிள்ளை'ன்னு சொல்றதும் கேட்டுச்சு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். இவர் தலையைச் சொறிந்துகொண்டே, அப்படியானால் அடுத்த தடவை யாரிடம் விட்டுவிட்டுப் போவாய் என்று கேட்டார். அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் மனதில் முள்ளாக நின்ற கேள்வி அதுதான்.

"ஒருத்தருக்காக ஒருத்தர் இப்படிப் போட்டி போட்டுப் பொய் சொல்ற வீட்டை விட்டுட்டு, நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?" என்றார் அண்ணி.

விடுமுறை முடிந்து அண்ணி கப்பலேறிவிட்டார். அம்மாவின் வீட்டில் டைல்ஸ் வேலையும் முடிந்து அவரும் போய்விட்டார். போனார் என்றுதான் பெயர், ஞாயிற்றுக்கிழமை ஆனால் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிவிடுகிறார். போன வாரமும் கொக்கிகள் டக் டக் என்றன. இனிப்பு தேன் மாதிரி என்றார் இவர். தேனும் இல்லை ஒன்றும் இல்லை, சாக்லேட் என்றார் அம்மா. இருவரும் விட்டுக்கொடுக்காமல் சண்டை போட, போனில் அண்ணி சிரிப்பது அடுப்படிவரை கேட்டது. கேட்டேன்னு சொல்லுங்க என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தேன். எனக்கே வெட்கமாகப் போயிற்று. அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனேன். இரண்டு தலைகளையும் விலக்கிவிட்டு வட்டத் துளையில் மூக்கை வைத்தேன். பிளைவுட் கடைதான். கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை இழுத்தேன். கடைக்குப் பின்னால் என்னமோ சுருக்கென்று மூக்கைத் தொட்டது.

இவர் கையிலிருந்த போனை வாங்கினேன்.

"அண்ணி, நான்தான் பேசறேன்" என்றேன். "எனக்கும் மிளகு வருது."