ஒரு மூச்சுக்கான குறி

எங்கள் ஊரில் ஒருவர் பேசிய சொல்லை ஒலிக்குறிகளில் பிசகில்லாமல் எழுதிவிட்டால், அதன்பின் அது அவர் வாயில் வராது. அதனால்தான் பஸ் கண்டக்டர்கள் கல்யாணத்துக்கு முன்பு ஒலிக்குறி நிலையத்துக்கு வந்து, கெட்ட வார்த்தைகளை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மாமியார்களும் வருவதுண்டு. கூட்டிவருவது மருமகள்கள்தான்.

அங்கே வேலைக்குச் சேர ரோசலின் குறிகளைப் படித்துக்கொண்டிருந்தாள். நாக்கு பல்லைத் தொட்டால் ஒரு குறி, உதடு குவிந்தால் ஒரு குறி.

"வீட்டு ஆளுக பேச்சை எழுதிப் பழகுங்க. ஆனா ஒரு குறியையாவது விட்டிரணும், கேட்டியளா?" என்று டீச்சர் தினமும் சொல்வார்.

ரோசலினும் விட்டுத்தான் எழுதினாள். ஆனால் அவள் புருஷன் சூசை ஒரு மாலை வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றியபடி, "ஏட்டி ரோசி" என்று கூப்பிட்டான். அதன் கடைசியில் ஒரு சின்ன மூச்சு வரும். அவள் உயிரே அந்த மூச்சில்தான் இருந்தது. எதையும் விட மனசில்லாமல் முழுவதையும் எழுதிவிட்டாள்.

மறுநாள் சூசை வாசலில் நின்று வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. பிறகு, "ரோசலின்" என்றான். ரேஷன் கடையில் கூப்பிடுவது போலிருந்தது.

ஒரு வாரம் அப்படியே போயிற்று. அவளுக்குத் தாங்கவில்லை. அழுதபடியே, எழுதியதை அவனிடம் சொல்லிவிட்டாள்.

"எழுதினதப் படிச்சா திரும்பி வருமா?" என்று சூசை கேட்டான்.

"வரும்னுதான் டீச்சர் சொன்னாவ."

யார் வாயில் வரும் என்பதை டீச்சர் சொல்லவில்லை, அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாலையில் சூசை வந்ததும் அவள் தாளோடு வாசலுக்குப் போனாள். குறி குறியாக நாக்கை வைத்து, கடைசி மூச்சையும் சேர்த்துப் படித்தாள்.

"ஏட்டி ரோசி" என்று சூசையின் குரல் அவள் தொண்டையிலிருந்து வந்தது.

"இந்தா வாறேன்" என்றது அடுக்களையிலிருந்து அவளுடைய குரல்.

ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி ரோசி வந்தாள். சூசைக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாப்பாட்டுத் தூக்கை அவளிடம் நீட்டினான்.

"இது யாரு?" என்று ரோசி கேட்டாள்.

"ஒன்னைக் கூப்பிட வந்தவங்க."

"அப்ப சாப்பிட்டுப் போகட்டும்" என்று அவள் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.

சாப்பிட்டு முடிந்ததும் சூசை வாசல்வரை கூடவே வந்தான். "நாளைக்கும் சாயங்காலம் வந்திருங்க" என்றான், மரியாதையாக.

ரோசலின் தாளை மடித்துக்கொண்டு, சரி என்று தலையாட்டினாள்.