உடம்பில் உலோகம் உண்டா?

"இண்டைக்கு விரதமோ எண்டும் கேட்டு வைச்சிருக்கிறியள்," என்று கையிலிருந்த படிவத்தைப் பார்த்து ஜெயமலர் சிரித்தார். "நாரி நோவுக்கு வந்த இடத்தில முருகனும் விடுறார் இல்லை."

"போன சஷ்டிக்கு ஒரு அண்ணை வெறுவயித்தோட வந்து கட்டில்ல மயங்கிப்போனார் அன்ரி. அதுக்குப் பிறகு போட்டனான்," என்றாள் லக்சாயினி.

சுவிஸில், எம்மன்புரூக்கே ரயில் நிலையத்துக்குப் பின்னால், மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது அவளுடைய மசாஜ் நிலையம். டேர்மின் எடுத்து, குறித்த நேரத்துக்கு வருபவர்கள் கட்டிலில் படுக்குமுன் கைக்கணினியில் ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். அவள் மசாஜ் படித்த இடத்தில் அதை டொச்சில், ஜெர்மன் மொழியில், கொடுத்திருந்தார்கள். தமிழ் அம்மாமார் அதை மகனிடமோ மகளிடமோ நீட்டி, மூட்டு வலியிலிருந்து மாதவிலக்கு வரை பிள்ளையின் வாயால் சொல்ல வேண்டியிருந்ததைப் பார்த்து, லக்சாயினி உட்கார்ந்து தமிழில் எழுதினாள். ஒவ்வொரு கேள்வியையும் வாய்விட்டுப் படித்து, மரியாதை குறைகிறதா என்று பார்த்து எழுதினாள். இங்கேயே பிறந்தவள். புதன்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்த தமிழ்தான். 'உடம்பில் உலோகம் உண்டா?' என்று எழுதியபோது, அகராதியைப் புரட்டாமலே அந்தச் சொல் வந்ததில் அவளுக்குச் சின்னதாக ஒரு பெருமை இருந்தது.

ஜெயமலர் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்பவர். ஈரத் துணி தூக்கித் தூக்கிக் கீழ்முதுகு விட்டுப்போயிருந்தது. உலோகக் கேள்விக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டுப் படுத்தார். முதுகின் கீழே இருந்த தழும்பைத் தொட்டு லக்சாயினி கேட்டதற்கு, "அது பழசு பிள்ளை," என்றார். தசைக்குள் சூடு கொடுக்கும் இயந்திரத்தை அவள் மெல்ல வைத்தாள். "சூடு கூடினால் சொல்லுங்கோ."

அவர் சொல்லவில்லை. மூச்சு விட்டுவிட்டு வருவதைக் கேட்டுக் குனிந்து பார்த்தபோது, முகம் வைக்கும் ஓட்டை வழியாகத் தரையில் கண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இயந்திரத்தை அணைத்தாள். தழும்பைச் சுற்றித் தோல் சிவந்து கிடந்தது.

"ஏன் அன்ரி சொல்லேல்லை?"

"சூடு பிடிச்சால்தான் நோ போகும் எண்டு நினைச்சன். பீஸ் கிடக்கிற இடத்திலதான் கொஞ்சம் கூடச் சுட்டது."

"என்ன பீஸ்?"

"செல் பீஸ்தான் பிள்ளை. வேற என்ன?"

எறிகணைத் துண்டு. உலோகம் உள்ள உடம்பில் அந்த இயந்திரத்தை வைக்கவே கூடாது. "அன்ரி, அது உலோகமெல்லோ! படிவத்தில இல்லை எண்டு போட்டியளே!"

"உலோகமோ?" ஜெயமலர் உண்மையாகவே யோசித்தார். "உலோகம் எண்டால் செம்பு, பித்தளை, ஐம்பொன். சாமி செய்யிறதெல்லோ பிள்ளை. இது பீஸ்."

பிழை அவருடையது அல்ல என்று அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. வன்னிப் போரில் ஒரு தலைமுறையே தன் உடம்புக்குள் சுமந்து வந்த பொருளுக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. கேள்வி எழுதிய அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதும் ஜெயமலர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வாறன். ஆனால் அதை எடுக்கச் சொல்லக்கூடாது. என்ர மகனுக்கும் எனக்கும் ஒரே செல். நிலன் எண்டு பெயர். என்ர மடியிலதான் இருந்தவன். போட்டோவும் இல்லை, உடுப்பும் இல்லை, ஓடி வந்த இடத்தில ஒண்டும் மிஞ்சேல்லை. இது மட்டும்தான் என்னோட வந்தது."

வேறு வழி தெரியாமல் லக்சாயினி தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் திரையில் காட்டினார். முதுகெலும்பை ஒட்டி வெள்ளையாக, அரிசிக் குறுணிபோல ஒன்று. இத்தனை காலம் பேசாமல் இருந்தது இப்போது நரம்பை நெருங்கியிருக்கிறது என்றார். கால் விறைக்காதவரை விட்டுவைக்கலாம். விறைப்புத் தொடங்கினால் தாமதிக்காமல் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நடையே போய்விடும். லக்சாயினி ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னாள். அப்படியே இருக்கட்டும் என்பதை, ஜெயமலர் சொன்ன அதே மெதுவான குரலில் டொச்சில் சொன்னாள். வரும் வழியில் பஸ்ஸில் ஜெயமலர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "விறைச்சால் மட்டும்தானே?"

வீட்டுக்கு வந்ததும் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு லக்சாயினி கணினியில் படிவத்தைத் திறந்தாள். உலோகம் என்ற சொல்லை அழித்தாள். 'உடம்புக்குள் பீஸ், ஆணி, பிளேட் ஏதாவது இருக்கிறதா?' என்று எழுதினாள். அதன் பக்கத்தில், பதில் சொல்லாவிட்டால் மேலே போக விடாத சிவப்பு நட்சத்திரம் நின்றது. ஒருவரைக் கேள்வி கேட்பது அவர் வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது. திறக்காமல் இருக்கவும் அவருக்கு வழி விட வேண்டும். நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, கீழே மூன்றாவது பதிலாக ஒன்றைச் சேர்த்தாள்: 'சொல்ல விருப்பமில்லை. கையால் மட்டும் செய்யுங்கள்.' இயந்திரத்தைவிட அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

இனி வருவாரோ என்று நினைத்திருந்தாள். பனி கரையத் தொடங்கிய ஒரு செவ்வாய்க்கிழமை ஜெயமலர் வந்தார், கையில் ஒரு டப்பா வடையோடு. "என்னைச் சுட்டதுக்குப் பதிலாக நான் வடை சுட்டுக்கொண்டு வந்தனான்," என்றார். லக்சாயினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கால் எப்படி அன்ரி? விறைப்பு ஏதும்?"

"சீச்சீ. அதெல்லாம் இல்லை." கேள்வி முடியுமுன் பதில் வந்துவிட்டது.

எண்ணெயை உள்ளங்கையில் சூடாக்கி, தோளிலிருந்து கீழே இறங்கினாள். தழும்பை நெருங்கியதும் அவள் விரல்கள் விலகிப் போயின.

"தொடலாம் பிள்ளை," என்றது குப்புறக் கிடந்த குரல். "அவன் குழப்படி செய்யமாட்டான்."

லக்சாயினி உள்ளங்கையை அங்கே வைத்தாள். கீழே கடைக்காரர் பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. தோல் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஒன்றும் தட்டுப்படவில்லை.

பிறகு கால்களுக்கு வந்தாள். வலது பாதத்தில் விரல் பட்டதும் கூச்சத்தில் துள்ளியது. இரண்டு பேரும் சிரித்தார்கள். இடது பாதத்தை அழுத்தினாள். அது அசையாமல் கிடந்தது. குதிக்காலை, விரல்களை, உள்ளங்காலின் குழியை நகத்தால் கீறிப் பார்த்தாள். பிறகு கையை எடுத்து, எங்கும் தொடாமல் வெறும் காற்றில் நிறுத்தினாள்.

"அன்ரி, இப்ப நான் பிடிச்சிருக்கிறது தெரியுதோ?"

"ஓம் பிள்ளை," என்றார் ஜெயமலர் உடனே. "நல்லாத் தெரியுது."

லக்சாயினி சூடான துவாயை எடுத்து அந்தப் பாதத்தைச் சுற்றி, இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.