ஜோத்பூரில் தங்க ஓர் இடம்

எருமப்பட்டிக்கு வந்த அந்தக் கடிதத்தைத் தபால்காரர் இரண்டு முறை படித்துக் காட்டினார். முதல் முறை படித்தபோது பெட்ரோல் பீப்பாய், தீ, கண் என்ற சொற்களைத் தவிர மயிலம்மாளின் காதில் எதுவும் ஏறவில்லை. இரண்டாம் முறை மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, முழுசாகக் கேட்டாள்.

எழுதியவர் தீர்த்தகிரி. கெங்கவல்லிக்காரர். ஜோத்பூரில் பட்டாளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் கம்பவுண்டராக இருந்தார். அதே ஊரில்தான் மயிலம்மாளின் புருஷன் காளியண்ணன் பட்டாளத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பீப்பாயில் தீப்பிடித்து முகமும் கைகளும் வெந்துவிட்டன, இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறது என்று கடிதம் சொன்னது. 'யாரும் வர வேண்டாம் என்கிறார். அதைத் தவிர வேறு பேச்சே இல்லை. நான் சொல்கிறேன், வாருங்கள்' என்று தீர்த்தகிரி எழுதியிருந்தார்.

அதற்குக் கீழே தங்கும் இடம் பற்றிப் பத்து வரி. ரயிலடிப் பக்கம் சத்திரம் உண்டு, ஆனால் மூன்று நாளுக்கு மேல் விடமாட்டார்கள். ஊர் மதிலுக்கு உள்ளே பழைய ஊரில் தெரிந்தவர் இருந்தால் வீடு கிடைக்கும். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே தகரக் கொட்டகைகள் இருக்கின்றன, ஆனால் தண்ணீர் லாரியில்தான் வரும். எது வேண்டுமென்று முன்கூட்டியே எழுதினால் ஏற்பாடு செய்து வைக்கிறேன். இது பாலைவனத்து ஊர், சித்திரை வெயிலில் வந்து இறங்கிய பிறகு இடம் தேட முடியாது.

மயிலம்மாளுக்கு முப்பது வயது. பிள்ளை இல்லை. நாமக்கல் சேலம் ரோட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த காளியண்ணன், டயர் வாங்கப் போவதாகச் சொல்லிச் சேலத்துக்குப் போனவன், பட்டாளத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். ஒன்றரை வருஷமாகிறது. அவன் எழுதிய ஐந்து கடிதத்துக்கும் அவள் ஒரு வரி பதில் எழுதச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் போனவனுக்கு என்ன பதில் என்று இருந்துவிட்டாள்.

கூட வருவதற்கு அவளுடைய அண்ணன் நாச்சிமுத்து ஒத்துக்கொண்டார். எங்கே தங்குவது என்பதில்தான் பேச்சு நான்கு நாள் இழுத்தது.

"ஆஸ்பத்திரிக்கு எதுத்தாப்பல இருக்கறதே போதுமுங்கண்ணா" என்றாள் மயிலம்மாள்.

"தகரக் கொட்டாயிலயா? மணலு, வெய்யலு, சுத்தியும் பட்டாளத்து ஆளுக. தண்ணிக்கு லாரிய எதிர்பாத்து நிக்கோணும். செத்த பொறு அம்மிணி, அந்த ஊர்க்காரரையே கேட்டுப்போடலாம்."

நாச்சிமுத்துவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு சேட்டைத் தெரியும். ஜோத்பூர்க்காரர். இருவரும் பஸ் ஏறிப் போய்க் கேட்டார்கள். சேட்டு கடையை அப்படியே விட்டுவிட்டு அவர்களை உள்ளே உட்காரவைத்து மோர் கொடுத்தார். நல்ல தமிழ் பேசினார்.

"மதிலுக்கு வெளியே தங்காதீங்கம்மா. காத்து அடிச்சா கண்ணைத் திறக்க முடியாது. ஊருக்குள்ளே எங்க அத்தை வீடு இருக்கு. கோட்டைக்கு நேர் கீழே. மாடியில அறை சும்மாதான் கிடக்கு. சுவரெல்லாம் நீலம் அடிச்சிருக்கும், உள்ளே போனா ஐப்பசி மாதிரி குளிர்ச்சி. பக்கத்துலேயே படிக்கிணறு. ஓடிப்போய்க் குளிச்சிட்டு ஓடி வருவோம்."

சொல்லும்போது அவர் முகம் மலர்ந்திருந்தது. அன்றைக்கே அத்தைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் அந்த ஊரை விட்டு வந்தது எந்த வயதில் என்று கேட்க இருவருக்கும் தோன்றவில்லை.

ஆறு நாள் ரயில். ஜோலார்பேட்டையில் ஒரு வண்டி மாறி, பம்பாயில் ஒன்று மாறி, அகமதாபாத்தில் ஒன்று, மார்வாரில் இன்னொன்று. எல்லாப் பெட்டியிலும் பட்டாளத்துக்காரர்களும் அவர்களுடைய இரும்புப் பெட்டிகளும். மயிலம்மாள் காலை மடக்கியபடியே வந்தாள். கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு இரண்டாம் நாள் தீர்ந்தது. நான்காம் நாளுக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே மரங்கள் குறைந்து, முள்ளும் மணலுமாக ஓடத் தொடங்கின. பல்லுக்கிடையே எப்போதும் மணல் நறநறத்தது.

ஸ்டேஷனில் தீர்த்தகிரி வந்து நின்றார். ஒல்லியான மனிதர். குதிரை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கூட்டிப்போனார். ஒரு சந்து வாயிலில் வண்டி நின்றுவிட்டது. அதற்குமேல் வண்டி போகாது. கல் பாவிய சந்து, பிறகு படி, பிறகு மறுபடியும் சந்து, மறுபடியும் படி. நூற்று நாற்பதாவது படியில் நாச்சிமுத்து மூட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

சேட்டின் அத்தை அன்பானவர்தான். கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். ஒன்பது வயதில் ஊரை விட்டுப் போன பிள்ளை எழுதிய கடிதம் என்று தீர்த்தகிரி இந்தியில் கேட்டுத் தமிழில் சொன்னார். அறை நிஜமாகவே குளிர்ச்சியாக இருந்தது. படிக்கிணற்றில் அந்த வருஷம் தண்ணீர் அடியாழத்துக்குப் போயிருந்தது. குடத்தோடு எழுபது படி இறங்கி எழுபது படி ஏற வேண்டும். ஆஸ்பத்திரியோ ஊர் மதிலுக்கு வெளியே மூன்று மைலில் இருந்தது.

காளியண்ணன் கட்டிலில் நேராகப் படுத்திருந்தான். முகத்தில் மூக்கும் வாயும் மட்டும் தெரிந்தன. இரண்டு கைகளும் துணி மூட்டைகளாக இருந்தன.

"ஏனுங்க, நாந்தான் வந்திருக்கறனுங்க" என்றாள்.

"வர வேண்டாம்னு எழுதச் சொன்னனே" என்றான். அவ்வளவுதான். நாச்சிமுத்து மழை, கடலை வெள்ளாமை, ஊர்க்கதை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அதற்கு "ம்" கூட வரவில்லை. கஞ்சியை மயிலம்மாள் கரண்டியால் ஊட்டினாள். நாலு வாய் வாங்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

மறுநாளும் அப்படியே. காலையில் இருட்டோடு தண்ணீர் எடுத்து, சமைத்து, படி இறங்கி, மூன்று மைல் மணலில் நடந்து வந்து, கஞ்சி ஊட்டிவிட்டு, அதே வழியாகத் திரும்பினாள். வண்டி எப்போதாவதுதான் கிடைத்தது. மூன்றாம் நாள் நாச்சிமுத்துவுக்கு வெயில் அடித்துவிட்டது. வாந்தியும் பேதியுமாக மாடி அறையில் சுருண்டு கிடந்தார். "நானே உன்னய இங்க கொண்டாந்து சிக்க வெச்சுட்டேன் அம்மிணி" என்று கண்ணை மூடியபடியே சொன்னார். சேட்டின் அத்தை அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ விதையை ஊறவைத்துப் புகட்டினார். மயிலம்மாள் தனியாகப் புறப்பட்டாள்.

பாதி வழியில் காற்று எழுந்தது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒரு சுவரோரம் குந்தியிருந்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மத்தியானம். வழியில் தீர்த்தகிரியைப் பார்த்துத் தகரக் கொட்டகையில் இடம் இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாம் நிறைந்துவிட்டது, வருவதாக எழுதியபோதே இதையும் கேட்டிருந்தால் பிடித்து வைத்திருப்பேன் என்றார் அவர்.

கட்டிலருகே தரையில் உட்கார்ந்தாள். ஊட்டுவதற்குக் கை எழவில்லை. ஒன்பது நாளாகச் சேர்ந்த அலுப்பு. அவனிடம் கேட்பதாக நினைத்துக்கூட அவள் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"இந்த ஊர்ல எங்க இருக்கறதுன்னே தெரியலீங்க. அண்ணனும் படுத்துக்கிட்டாரு. அந்தப் படிக்கட்டு ஏறி எறங்க என்னால முடியலீங்க."

அவன் தலை அவள் பக்கம் திரும்பியது. பிறகு கட்டுத்துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எந்தப் படிக்கட்டு?"

அவள் சொன்னாள். கோட்டைக்குக் கீழே, நீலச் சுவர், நூற்று நாற்பது படி.

"அங்க எவன் கொண்டுபோய் உட்டான்? லாரியே போவாத சந்து அது." அவன் உதட்டை நக்கிக்கொண்டான். "ஆஸ்பத்திரி கேட்டுல நின்னா கோட்டை எந்தக் கைப்பக்கம் தெரியுது?"

"பீச்சாங்கைப் பக்கமுங்க."

"அப்ப நீ சோத்தாங்கைப் பக்கம் போ. தண்டவாளம் வரும். தாண்டுனா ஒரு ஓடை, தண்ணி இருக்காது, வெறும் மணலு. அது ஓரமாவே போனா மூணு வேம்பு நிக்கும். அதுக்குப் பொறவால ஒரு தோட்டம். ஒட்டகத்தப் பூட்டிக் கெணத்துல கவலை எறைப்பாங்க. ரேடியேட்டருக்கு நான் தெனமும் அங்கதான் தண்ணி புடிப்பேன். அந்தத் தோட்டக்காரி மோர் குடுப்பா. வெறகு அடுக்கற கொட்டாய் ஒண்ணு இருக்குது. கேட்டாத் தங்கறதுக்குக் குடுப்பாங்க."

கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இத்தனை பேசி அவள் கேட்டதில்லை.

"எம்பேரு அவுங்களுக்குத் தெரியாது. மதராசின்னு சொல்லு."

மயிலம்மாள் எழுந்து போனாள். தண்டவாளம் வந்தது. ஓடை வந்தது. வேம்பு மூன்று இல்லை, இரண்டுதான் இருந்தன. மூன்றாவதை வெட்டியிருந்தார்கள், அடிக்கட்டை புதுசாக இருந்தது. அப்புறம் கிணற்றிலிருந்து கவலைச் சால் ஏறும் சத்தம் கேட்டது. எருமப்பட்டியில் இரண்டு எருது இழுக்கும் கயிற்றை இங்கே ஓர் ஒட்டகம் இழுத்துக்கொண்டு சரிவில் இறங்கியது. வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் பாய்ந்தது. ஈரமண் வாசனை மூக்கில் ஏறியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

பாத்தியில் நின்ற பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். மண்வெட்டியைப் பிடித்தபடி ஏறிட்டுப் பார்த்தாள். மயிலம்மாள் இரண்டு கையாலும் லாரிச் சக்கரத்தைத் திருப்புவதுபோலக் காட்டினாள். பாங், பாங் என்று ஹாரன் சத்தம் எழுப்பினாள். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

"மதராசி" என்றாள் மயிலம்மாள்.

"மதராசி" என்று அவளும் சொன்னாள். சிரித்தபடியே ரோட்டுப் பக்கம் கையைக் காட்டி, லாரி எங்கே என்பதுபோல ஏதோ கேட்டாள். மயிலம்மாள் தன் இரண்டு கண்களையும் உள்ளங்கையால் மூடிக் காட்டினாள். அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்து, சேற்றுக் கையோடு மயிலம்மாளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

கொட்டகையில் அடுக்கியிருந்த விறகை இருவருமாக ஒரு பக்கம் ஒதுக்கினார்கள். படி இல்லை. வாசல் தரையோடு தரையாக இருந்தது. கிணறு இருபது அடி தூரத்தில். மறுநாள் நாச்சிமுத்துவை ஒட்டக வண்டியில் கூட்டி வரலாம் என்று தோட்டக்காரன் சைகையிலேயே சொன்னான்.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி இதையெல்லாம் சொன்னாள். வேம்பு இரண்டுதான் என்றபோது அவன் நம்பவில்லை. அடிக்கட்டை எந்தப் பக்கம் என்று கேட்டான். கொட்டகை வாசல் எந்தத் திசை பார்த்திருக்கிறது, தண்ணீர் உப்பா என்று கேட்டான்.

"கொஞ்சம் உப்புத்தானுங்க."

"சோத்துக்கு ஆவும். குடிக்கறதுக்கு ஓடைக்கு அந்தாண்ட இன்னொரு கெணறு இருக்குது. அதுக்கு எப்படிப் போறதுன்னா..." என்று தொடங்கினான். நடுவில் நிறுத்தினான். "அன்னைக்கு டயர் வாங்கப் போறேன்னுதான் உன்ட்டச் சொன்னேன்."

"ஆமாங்க."

"கேட்டா நீ வேண்டாம்பே. அதான் கேக்கலே."

"கேட்டிருக்கோணுமுங்க" என்றாள். இன்னும் சொல்ல நிறைய இருந்தது. சொல்வதற்குத் தெம்பில்லை.

அவன் அந்தக் கிணற்றுக்குப் போகும் வழியை மறுபடியும் எடுத்தான். வலது கண்ணில் பார்வை திரும்பும், இடது கண் போனது போனதுதான் என்று டாக்டர் சொன்னது அதற்கு இரண்டு வாரம் கழித்து. அன்றைக்கு அவர்களுக்கு எதுவும் தெரியாது. மேட்டில் ஒரு கல்மேடை வரும் என்றான். மேடையைத் தாண்டி இடப்பக்கம் திரும்பக் கூடாது, நேராகப் போகணும் என்றான். மயிலம்மாள் கட்டிலின் இரும்புக்காலைப் பிடித்தபடி "ம்", "ம்" என்று கொட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் "ம்" நின்றுபோயிற்று. தலை கட்டில் விளிம்பில் சாய்ந்திருந்தது.

பார்க்க வந்தவர்களை வெளியே அனுப்ப மணி அடிப்பதற்காகத் தீர்த்தகிரி வார்டுக்குள் வந்தார். காளியண்ணன் அவருடைய செருப்புச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினான்.

"கம்பவுண்டரய்யா, தூங்கறாளுங்களா?"

"ஆமாங்க."

"மணிய அப்பறம் அடிச்சுக்கலாமுங்க" என்றான் காளியண்ணன்.