வெளிச்சத்தைப் பார்த்துப் பாடுதல்

அறை விளக்கை அணைத்த பிறகுதான் ஹாலி வாயைத் திறந்தாள்.

"கென்லி, முழிச்சிருக்கியா? இன்னிக்குப் பாட்டைக் கெடுத்தது நான்தான்டி."

"தெரியும். கதவுல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நின்னியே" என்றாள் பக்கத்துக் கட்டிலிலிருந்து கென்லி.

கென்டக்கிப் பள்ளிகளில் தேர்வான பிள்ளைகளெல்லாம் வருடா வருடம் பாட வருவது லூயிவில்லின் இந்த ஹோட்டலுக்குத்தான். நடுவே கூரைவரை வெறும் வெளி. அதைச் சுற்றி அடுக்கடுக்காகத் திறந்த நடைவழிகள். படுக்கும் நேரம் வந்ததும் எல்லாரும் வெளியே வந்து, தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேசிய கீதம் பாடிவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாக நிற்க ஹாலி மூன்று வருடம் குரல் தேர்வுக்குப் போயிருந்தாள். பள்ளியில் இது அவளுக்குக் கடைசி வருடம்.

அவ்வளவு பெரிய வெளியில் சத்தம் தாமதமாகத்தான் வந்து சேரும். காதை நம்பினால் பின்தங்கிப் போவோம். அதனால் பாட்டை நடத்தும் டேக்கெட் சார் தரைத்தளத்தில் நின்று டார்ச்சை அசைத்துத் தாளம் காட்டுவார். அவர்கள் அறை இருந்த பதினாறாம் மாடியிலிருந்து அதைப் பார்க்கக் கம்பியருகே போய்க் குனிந்தாக வேண்டும். ஹாலி போகவில்லை. காதால் கேட்டுப் பாடினாள். அவளுடைய வரி மட்டும் தனியாகப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

பாடி முடிந்ததும் சார் மேலே வந்தார். யாரென்று அவர் கேட்கவில்லை. வெளிச்சத்தைப் பார்க்க முடியாதவர்கள் நாளைக்கு அறைக்குள்ளேயே இருந்துகொள்ளலாம், அதில் தப்பில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வந்த அன்று கீழே நின்று அண்ணாந்து பார்த்தபோது தனக்கு அழுகையே வந்துவிட்டது என்று ஹாலி இருட்டில் சொன்னாள். ஊர் மலையை உள்ளே குடைந்து, விளக்குப் போட்டு வைத்ததுபோல் இருந்ததாம். கண்ணாடி லிஃப்ட் மேலே கிளம்பியதும் அதே இடம் அவளை விழுங்க வருவதுபோல் ஆகிவிட்டது.

"இப்படி ஒண்ண எதுக்குடி கட்டுறாங்க? கீழ நிக்கிறவனுக்குச் சொர்க்கம், மேல தூங்குறவனுக்குப் பள்ளம்."

"அப்ப நாளைக்கு உள்ளயே இரேன். சார்தான் தப்பில்லன்னுட்டாரே."

ஹாலி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

"எங்கப்பா ஒருநாள் நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள இறக்குற கூண்டுல ஏறமாட்டேன்னு நின்னுட்டாரு. எல்லாரும் தப்பில்லன்னுதான் சொன்னாங்க. அப்புறம் பாலம் ஏறமாட்டாரு. இப்ப வீட்டு வாசல் தாண்டவே யோசிக்கிறாரு. நான் நாளைக்கு உள்ள இருந்துட்டா..."

கென்லி இந்தத் தடவை கிண்டல் பண்ணவில்லை.

மறுநாள் இரவு எல்லாக் கதவுகளும் திறந்தன. ஹாலி வாசலிலேயே நின்றாள். கென்லி வந்து கையைப் பிடித்தாள்.

"கண்ண மூடிக்கோ. வெளிச்சத்த நான் பாக்குறேன். தாளம் உன் முதுகுல."

கண்ணை மூடியபடியே நடந்தாள். கம்பி இடுப்பில் இடித்ததும் இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். முதுகில் கென்லியின் விரல் தட்டத் தொடங்கியது. முதல் வரி முழுக்கக் குரல் நடுங்கியது. ஆனால் பின்தங்கவில்லை.

கடைசி வரிக்கு முன்னால் விரல் நின்றுபோனது. கென்லிக்கு அழுகை, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் ஹாலி கண்ணைத் திறந்து குனிந்தாள். வெகு ஆழத்தில் சாரின் டார்ச் ஒரு மின்மினி மாதிரி அசைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்தே முடித்தாள்.

எல்லாரும் வாயை மூடிய பிறகும் பாட்டு அந்த வெளிக்குள் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டிருந்தது. இப்படி ஒன்றை எதற்காகக் கட்டினார்கள் என்று அப்போது அவள் கேட்கவில்லை.

கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஹாலி அங்கேயே நின்றாள்.

"வா, போலாம்."

"கை வரமாட்டேங்குதுடி."

கென்லி பக்கத்தில் நின்று, கம்பியிலிருந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள்.